ஒரு வட்டியும் பாதி விளைச்சலும்

என்னைப் பெற்ற அப்பாவுக்கே நான் வட்டி கட்டியிருக்கிறேன். இதைச் சொன்னால் பாதிப் பேர் வாயைப் பிளக்கிறார்கள். இதில் வாயைப் பிளக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கோவில்பட்டி மார்க்கெட் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஆறுமுகசாமியின் மகள் நான். பெயர் உமாதேவி. பி.காம். முடித்து ஆடிட்டர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஸ்கூட்டி வாங்க அப்பாவிடம் பணம் கேட்டேன். கல்லாவிலிருந்து எண்ணிக் கொடுத்துவிட்டு, "ஒரு வட்டி. அஞ்சாம் தேதி தாண்டக் கூடாது, பாத்துக்கோ" என்றார். ஒரு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய். நானும் ஒழுங்காகக் கட்டினேன். கடைசித் தவணையை வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டு, அரைக் கிலோ முந்திரியைப் பொட்டலம் கட்டி என் கையில் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

எங்கள் வீட்டில் பாசம் என்றால் அதுதான். சும்மா கொடுத்தால் அது தர்மம். கோயில் வாசலில் கொடுப்பது. வட்டி போட்டுக் கொடுத்தால், நீ திருப்பித் தரக்கூடிய ஆள் என்று மதித்துக் கொடுப்பது. என் அண்ணன் தனிக் கடை போட்டதும் அப்பாவிடம் வட்டிக்கு வாங்கித்தான். அப்பாவும் மகனும் ஒருநாளும் முகம் கோணியதில்லை.

நான் வாக்கப்பட்ட வீடு வேறு மாதிரி.

என் வீட்டுக்காரர் மணிகண்டபிரபுவுக்குக் காற்றாலைக் கம்பெனியில் வேலை. கயத்தாறு பக்கம் சுற்றுகிற காற்றாடிகளில் பாதியின் உச்சிக்கு ஏறி இறங்கியிருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் கோவில்பட்டியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மாமா சுடலைமாடனும் அத்தை வெயிலுகந்தம்மாளும் பசுவந்தனையைத் தாண்டி ஊரில் இருக்கிறார்கள். ஆறு ஏக்கர் கரிசல்காடு. கிணறு கிடையாது, வானம் கொடுத்தால் உண்டு.

அந்த வீட்டில் யாரும் யாரிடமும் வாயைத் திறந்து பணம் கேட்க மாட்டார்கள். அத்தைக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்றால், "இப்பல்லாம் ஊசியில நூலு கோக்கவே வர மாட்டேங்கு" என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருப்பாள். மகன் குறிப்பறிந்து கூட்டிப்போக வேண்டும். எனக்கு இந்தக் குறி பார்க்கிற வேலை ஆகாது. எங்கள் ஆபீசில் வந்து உட்காருகிறவர்கள் எவ்வளவு, எப்போது, எத்தனை சதவீதம் என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். வாயைத் திறந்து கேட்டால் என்ன, முத்தா உதிர்ந்துவிடும்?

போன வருஷம் புரட்டாசி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். பையில் கொஞ்சம் சீனி அவரைக்காய் கொண்டுவந்திருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். காபி கொடுத்தேன்.

"கீழ்த்திசையில மின்னுது" என்றார். "ஆனா காத்து சரியில்ல."

"அப்படியா மாமா" என்றேன்.

"டிராக்டர்காரன் உழவுக்குக் கூடக் கேக்கான். உளுந்து விதை வேற வெல ஏறிப்போச்சு."

"எல்லாம் ஏறித்தான் கெடக்கு மாமா."

காபியைக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். என் கழுத்தை ஒரு தடவை பார்த்தார், பிறகு சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். "வாரேன் தாயி" என்று எழுந்து போய்விட்டார்.

அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்த என் வீட்டுக்காரர், "அப்பா எதுக்கு வந்தாவன்னு தெரியுதா?" என்று கேட்டார்.

"மின்னுதுன்னு சொல்ல வந்தாவ."

"உன் நகைய கேக்க வந்தாவ உமா."

"எப்பக் கேட்டாவ?"

"அதான், கேக்காமலே போய்ட்டாவ."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பிறகுதான் அவர் விவரமாகச் சொன்னார். புரட்டாசியில் வீட்டுப் பொன் பேங்குக்குப் போகும். அந்தப் பணத்தில் உழவு, விதை, உரம். மாசியில் விளைச்சல் விற்றதும் பொன் வீட்டுக்கு வரும். அத்தையின் நாலு பவுன் சங்கிலி கல்யாணமான வருஷத்திலிருந்து இப்படிப் போய் வந்துகொண்டிருக்கிறது. அத்தை கழுத்தில் சங்கிலி கிடந்தால் கோடைகாலம் என்று அர்த்தம். அதில் அவர்களுக்கு வெட்கமும் இல்லை, துக்கமும் இல்லை. அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு அப்படித்தான். ஆனால் போன தடவை உளுந்தைப் பிடுங்கிக் களத்தில் போட்டிருந்தபோது மழை கொட்டிக் கறுத்துப்போனது. சங்கிலி திரும்பி வரவில்லை. விதைக்க வேண்டிய நேரம் மறுபடி வந்துவிட்டது, வைக்கப் பொன் இல்லை. மிச்சம் இருந்தது மருமகள் கழுத்தில்தான்.

எங்கள் பக்கத்தில் பொன்னை அடகு வைத்தால் கடை முங்கிவிட்டது என்று அர்த்தம். என் அம்மா காதில் விழுந்தால் அன்றைக்கே பஸ் ஏறி வந்து ஒப்பாரி வைப்பாள். நகையைத் தர எனக்கு மனமில்லை. அதற்காக மாமா காட்டைத் தரிசாகப் போடட்டும் என்று இருக்கிற கல்நெஞ்சுக்காரியும் இல்லை நான்.

என்னிடம் அறுபதாயிரம் ரூபாய் இருந்தது. மாதாமாதம் சம்பளத்தில் எடுத்துவைத்துச் சேர்த்தது. யாரோ ஒருவரின் ஆபீசில் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டு, மாடியில் ஓர் அறை எடுத்து, கதவில் என் பெயரைப் போட்டு, கடைக்காரர்களுக்கு நானே வரிக் கணக்கு முடித்துக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. அறைகூடப் பார்த்துவைத்திருந்தேன். அந்த ஆசையை ஐந்து மாதம் தள்ளிவைத்தால் மாமாவின் காட்டில் விதைப்பு முடிந்துவிடும், மாசியில் பணமும் வந்துவிடும்.

"பணத்துக்கு நான் ஏற்பாடு பண்ணுதேன். நானே மாமாட்ட பேசிக்கிடுதேன்" என்றேன். என் வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. வட்டி விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. மறைக்கவில்லை, சொல்ல வேண்டிய சங்கதியாகவே எனக்குத் தோன்றவில்லை. சோறு ஆக்குகிறவள் உப்புப் போடப்போகிறேன் என்று தனியாகச் சொல்வாளா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அத்தை கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்திருந்தாள். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் பணப் பேச்சு சாப்பாட்டு நேரத்தில்தான் நடக்கும். மற்ற நேரம் அப்பா கடையில் இருப்பார். அந்தப் பழக்கத்தில் நானும் ஆரம்பித்தேன்.

"மாமா, விதைப்புக்கு எங்கிட்ட அறுபதாயிரம் இருக்கு. வாங்கிக்கோங்க. மாசியில குடுத்தாப் போதும்."

மாமாவின் முகம் அப்படியே மலர்ந்தது. அதைப் பார்த்து உற்சாகமாகி, "ஒரு வட்டிதான்" என்றேன்.

கை சோற்றில் நின்றது. "வட்டிக்கா தாயி?"

"ஒரு வட்டி மாமா. பத்திரம் வேண்டாம், ஜாமீன் வேண்டாம். நீங்கங்கதால..."

"நல்லது தாயி" என்றார். பாதிச் சோறு இருக்கும்போதே தட்டில் தண்ணீரை ஊற்றிக் கை கழுவினார். "ஆட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஆடுகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன.

அத்தை அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். "ஏட்டி, என்ன காரியம் பண்ணிட்ட?"

"என்ன அத்தை பண்ணினேன்? குடுக்கத்தான வந்தேன்?"

"மருமகட்ட வட்டிக்கு வாங்கி விதைச்சாம்னு ஊருல சொன்னா அவிய எப்படி வெளிய தல காட்டுவாவ? நாங்க என்ன வெளியாளா, அசலா?"

"எங்க வீட்ல எங்க அப்பாவே..."

"உங்க வீடு கடைவீடு" என்றாள் அத்தை. திட்டவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு அழுகை அழுகையாக வந்தது. கோபத்தில் வந்த அழுகைதான். திருட வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? வேண்டாமென்றால் போகட்டும், எனக்கென்ன, நாளைக்கே அறைக்கு முன்பணம் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று கோவில்பட்டி வரும்வரை கறுவிக்கொண்டே வந்தேன். மறுநாள் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால் பதில் தெரியாது. கை போகவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக, "அப்பா வியாழக்கிழமை பத்திரத்தைக் கொண்டுபோறாவளாம்" என்றார்.

"எங்க?"

"ஓட்டப்பிடாரத்துக்கு. பைனான்ஸ் மாயகிருஷ்ணன்ட்ட. காட்டை ஈடா எழுதிக் குடுத்து வாங்கப் போறாவ."

"என்ன வட்டி?"

"மூணு."

எனக்கு வந்ததே கோபம். "எங்கிட்ட ஒரு வட்டின்னா அவமானம், மாயகிருஷ்ணன்ட்ட மூணு வட்டின்னா மரியாதையா? இது எந்த ஊருக் கணக்கு?"

"அவன் அசலான் உமா. அசலான்ட்ட வட்டிக்கு வாங்கலாம். வீட்டுக்குள்ள வட்டி வந்துட்டா அது வீடு இல்லம்பாவ அப்பா."

"காடு போச்சுன்னா?"

பதில் எனக்கே தெரியும். மூணு வட்டி என்றால் அறுபதாயிரத்துக்கு மாதம் ஆயிரத்து எண்ணூறு. இந்த வருஷமும் மழை ஏமாற்றினால் வட்டி முதலோடு சேரும். அடுத்த வருஷம் விதைக்க அதற்கு மேல் கடன். எங்கள் ஆபீசுக்கு வருகிறவர்களில் அந்த மாதிரி நிலத்தை இழந்தவர்கள் உண்டு, அப்படி வாங்கியவர்களும் உண்டு. இரண்டு தரப்புக் கணக்கையும் நான்தான் டைப் அடிக்கிறேன். மாமாவின் பத்திரம் ஒரு தடவை மாயகிருஷ்ணன் பீரோவுக்குள் போய்விட்டால் திரும்பி வருவது சந்தேகம்தான்.

"சரி, சும்மாவே குடுத்திருதேன். வட்டியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்" என்றேன். இதைச் சொல்ல என் வாய்க்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா?

"இனிமே வாங்க மாட்டாவ. வட்டிங்கிற வார்த்தை வந்திருச்சுல்லா."

மனசு ஆறாமல் அப்பாவுக்குப் போன் போட்டேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டார். "ஒரு வட்டிக்கே வேண்டாம்னுட்டாவளா? ஏட்டி, அவிய பெரிய மனுஷன். அரை வட்டி போட்டுக் கேட்டுப் பாரு" என்றார். கடைசியில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. இரண்டு பக்கமும் நல்ல மனுஷர்கள். அவருக்கு இவர் பேச்சு புரியாது, இவருக்கு அவர் பேச்சு புரியாது. நடுவில் நான்.

புதன்கிழமை மத்தியானம் அத்தை போன் செய்தாள். என்மேல் வருத்தம் இருந்தாலும் மூன்று நாளுக்குமேல் பேசாமல் இருக்க அவளால் முடியாது. ஆடு குட்டி போட்டது, டவுன் பக்கம் மழை உண்டா என்று சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டு, "பக்கத்துக் காட்டுப் பிச்சையா வேற தூத்துக்குடியில இருந்து போன் போட்டான், எப்ப விதைப்புன்னு" என்றாள்.

"அவருக்கு என்ன அத்தை?"

"அவன் ரெண்டு ஏக்கரையும் உங்க மாமாதான வாரத்துக்குப் பாக்காவ? வெளைஞ்சதுல பாதி அவனுக்கு அளக்கணும்ல?"

"பாதியா?"

"வாரம்னா பாதிதான்."

போனை வைத்தபின் சும்மா உட்கார்ந்திருந்தேன். நூற்றுக்கு மாதம் ஒன்று கொடுப்பது கேவலம். விளைந்ததில் பாதியையே தூக்கிக் கொடுப்பது கௌரவம். நல்ல மகசூல் வருஷத்தில் பாதி விளைச்சல் என்பது மாயகிருஷ்ணன் வட்டியைவிடக்கூட அதிகம். இவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கணக்கு இருக்கிறது, வேறு கணக்கு. எங்கள் ஆபீசில் மாதம் இரண்டு பேருக்காவது கூட்டு வியாபார ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கிறேன். முதல் ஒருவருடையது, உழைப்பு ஒருவருடையது, லாபநஷ்டம் சரிபாதி. அத்தை சொன்ன வாரம் அதுதானே? இது எனக்கு ஞாயிற்றுக்கிழமையே தோன்றியிருந்தால் ஒரு தட்டுச் சோறு வீணாகியிருக்காது.

அன்றைக்கே பேங்குக்குப் போய்ப் பணத்தை எடுத்தேன். வியாழக்கிழமை விடிந்ததும் ஸ்கூட்டியைக் கிளப்பினேன். மாமாவைப் பிடித்தது ஊர் பஸ் ஸ்டாப்பில்தான். வெள்ளைச் சட்டை போட்டு, மஞ்சப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பைக்குள் பத்திரம். என்னைப் பார்த்ததும் பையை முதுகுப் பக்கம் கொண்டுபோனார்.

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தேன். "மாமா, பிச்சையா காட்டை வாரத்துக்குத்தான பாக்குதீங்க?"

"ஆமா. அதுக்கு என்ன தாயி?"

"என் பணத்தையும் வாரத்துக்குப் பாருங்க."

"பணத்துக்கு ஏது வாரம்? வாரம் காட்டுக்குல்லா."

"விதை, உழவு, உரம் என்னோடது. காடும் பாடும் உங்களோடது. வெளைஞ்சதுல பாதி எனக்கு."

"வெளையலன்னா?"

"எனக்கும் இல்ல."

"நீ போட்ட முதலு?"

"போச்சு."

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமாகி இத்தனை நாளில் அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான். பஸ் வந்து நின்றது. "பெரியவரே, ஏறுதீங்களா?" என்று கண்டக்டர் கேட்டார். மாமா பஸ்ஸையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "நீ போப்பா" என்றார்.

பஸ் போனதும் பேரம் ஆரம்பித்தது. நான் பார்த்ததிலேயே விசித்திரமான பேரம் அதுதான்.

"பாதி உனக்குக் காணாது" என்றார் மாமா. "முதலு பூராவும் உன்னுது. மூணுல ரெண்டு எடுத்துக்கோ."

"வேண்டாம் மாமா. வெயில்ல நிக்கப்போறது நீங்க. பாதி போதும்."

"உன் சம்பாத்தியம் தாயி. நட்டப்படக் கூடாது."

"பிச்சையாவுக்குப் பாதின்னா எனக்கும் பாதிதான்."

"பிச்சையா அசலான்."

"அப்ப நான் யாரு?"

மாமா மஞ்சப்பையின் வாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு நானும் பின்னால் போனேன். வீட்டுக்குப் போய் பத்திரத்தை அத்தையிடம் கொடுத்து, "உள்ள வையி" என்றார். அப்போதும் வாயைத் திறந்து 'கொடு' என்று கேட்கவில்லை. பணத்தைச் சாமி படத்துக்கு முன்னால் நானேதான் வைத்தேன். இருக்கட்டும், இந்த மனுஷர் கேட்கவே மாட்டார் என்று எனக்குள் ஒரு மனத்தாங்கல் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் கரிசலில் மழை வந்தபிறகு விதைப்பதில்லை. ஈரம் பட்டால் மண் பசைபோல ஒட்டும், காலை வைக்க முடியாது. அதனால் மழைக்கு முன்னாலேயே காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். இது நான் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். ஆனால் என் அறுபதாயிரம் புழுதிக்குள் கிடந்தபோதுதான் அதன் அர்த்தம் எனக்கு உறைத்தது. நாலு ஏக்கர் உளுந்து, இரண்டு ஏக்கர் மக்காச்சோளம். உளுந்து மட்டும் போதும் என்றேன். "சோளத்துக்கு வெல இருக்கு தாயி" என்றார் மாமா. விட்டுவிட்டேன்.

ஆபீசில் யாராவது உள்ளே வந்தால், "வெளிய மேகம் உண்டா அண்ணாச்சி?" என்று கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன். பசுவந்தனைப் பக்கத்திலிருந்து வருகிற தீப்பெட்டி ஆபீஸ் கணக்கர், "உங்களுக்கு எதுக்கும்மா மழை?" என்றார். "விதைச்சிருக்கேன்" என்றேன். அவர் என்னையும் என் கம்ப்யூட்டரையும் மாறிமாறிப் பார்த்தார். வட்டிக்குக் கொடுத்திருந்தால் நான் வானத்தை அண்ணாந்து பார்த்திருக்கவே மாட்டேன், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் என் வட்டி எனக்கு. அது தெரிந்துதான் மாமா அன்றைக்குத் தட்டில் தண்ணீர் ஊற்றினாரோ என்னவோ.

ஐப்பசியில் மழை இறங்கியது. மாமா எனக்கே போன் போட்டார், மகனுக்குப் போடவில்லை. "பெய்யுது தாயி, கேக்கியா?" என்று போனை வெளியே நீட்டினார். கொரகொரவென்று ஒரே இரைச்சல். "கேக்கு மாமா, நல்லாக் கேக்கு!" என்று ஆபீசே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

பிறகு நடந்ததெல்லாம் கதைகளில் வருவதுபோல நடக்கவில்லை. உளுந்து பரவாயில்லாமல் வந்தது. மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தது. மருந்து அடித்தும் பாதி தேறவில்லை. தேறியதற்கும் அறுப்பு நேரத்தில் விலை இறங்கிவிட்டது.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அத்தையும் கூட வந்திருந்தாள். கழுத்தில் சங்கிலி கிடந்தது. மாமா தன் பங்குக்கு மேல் ஆடுகளில் இரண்டையும் விற்றுப்போட்டு மீட்டிருந்தார். முதலில் ஒரு சின்ன மூட்டை உளுந்தை இறக்கி வைத்தார். "இது கணக்குல சேராது, இட்லிக்கு" என்றார். பிறகு துண்டு முடிச்சை அவிழ்த்துப் பணத்தை நீட்டினார்.

"மொத்தம் வித்தது, கூலி போக ஒரு லெச்சத்து நாலாயிரம். உன் பாதி அம்பத்திரண்டாயிரம் இருக்கு. எண்ணிக்கோ."

அறுபது போட்டு ஐம்பத்திரண்டு. எட்டாயிரம் நஷ்டம். கடைக்காரர் மகளல்லவா, அந்த எண் என் மண்டைக்குள் தானாக வந்து நின்றது. மாடி அறைக்காரர் கார்த்திகையிலேயே வேறு ஆளுக்கு விட்டுவிட்டார் என்பதும் கூடவே வந்து நின்றது. வருத்தமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்?

மாமா இடுப்பிலிருந்து இன்னொரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். "இதுல எட்டு இருக்கு. உன் முதலு சரியாப் போச்சு."

"இது ஏது மாமா?"

"ஏதோ இருந்துச்சு."

அத்தை பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். வீட்டில் மிச்சமிருந்த ஆடுகளும் போயிருக்க வேண்டும். இப்போதெல்லாம் எனக்கும் கொஞ்சம் குறி பார்க்கத் தெரிகிறது.

பொட்டலத்தை அவர் பக்கமே தள்ளினேன். "லாபம் வந்திருந்தா எனக்குப் பாதி குடுத்திருப்பீங்கல்ல?"

"ஆமா. அது நாயம்."

"அப்ப நட்டமும் என்னுதுதான். இத வாங்கினா நான் மாயகிருஷ்ணன் ஆயிருவேன் மாமா."

மாமா பொட்டலத்தை எடுக்கவும் இல்லை, மறுபடி நீட்டவும் இல்லை. காபி ஆறிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பேசாமல் இருங்கள் என்று கண்ணைக் காட்டினேன். கீழ்த்திசை, காற்று, டிராக்டர் வாடகை என்று ஆரம்பிக்கப் போகிறார் என்று நினைத்தேன். மாமா தொண்டையைச் செருமினார்.

"தாயி, வார புரட்டாசிக்கும் எனக்கு விதைக்குப் பணம் வேணும். நீ குடுப்பியா?"

அவ்வளவுதான் கேட்டார். அத்தை சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தாள். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த மனுஷர் யாரிடமும் இப்படிக் கேட்டு அவள் பார்த்ததில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எட்டாயிரம் ரூபாய் வருத்தம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"குடுக்கேன் மாமா" என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆனா மக்காச்சோளம் கெடையாது. ஆறு ஏக்கரும் உளுந்துதான்" என்றேன்.

"அதெப்படி? வருசா வருசமா படைப்புழு விழுது? உளுந்தை மட்டும் நம்பி ஆறு ஏக்கரையும் போடுதது கூறு கெட்ட வேல."

"போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க. எட்டாயிரம் போச்சு."

"உனக்கு என்ன தெரியும்? கம்ப்யூட்டர்ல பாத்தா காடு தெரியுமா?"

அத்தையிடம் சண்டை போடுகிற அதே குரல். அதே வேகம். நாற்காலியின் நுனியிலிருந்து எப்போது நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார் என்று தெரியவில்லை. நானும் சும்மா இருக்கிற ஆளா? அடுப்பில் பாலை மறுபடி வைத்துவிட்டு, அங்கிருந்தே பதிலுக்குச் சத்தம் போட ஆரம்பித்தேன்.